முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

இருபத்தெட்டு வருஷத்தில் அறுநூறு படத்துக்குக் குறையாமல் கேட்டிருப்பார் அவர். பார்த்தது ஒன்றுகூட இல்லை. தொலைதூரப் பஸ் டிரைவர். டிவி பெட்டி அவர் தலைக்குப் பின்னால், பயணிகளைப் பார்த்தபடி தொங்கும். காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால் பகல் ஒரு மணிக்குள் இரண்டு படம் ஓடி முடியும். பின்னால் நாற்பது பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அவர் முன்னால் போகும் லாரிக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் விமர்சனம் என்று வந்துவிட்டால் கண்ணால் பார்த்தவன் எவனும் கிட்டே நிற்க முடியாது. ஓட்டலில் டீ குடிக்க நிறுத்தும்போது தீர்ப்பு வரும்.

"அவன் அழலய்யா, மூக்கை உறிஞ்சுறான். நெஜமா அழுறவனுக்கு மொதல்ல பேச்சுதான் நிக்கும்."

"அண்ணே, அந்த ஆளு கறுப்பா செவப்பான்னாவது தெரியுமா ஒங்களுக்கு?" என்று கண்டக்டர் சீண்டுவார்.

"எதுக்குய்யா தெரியணும்? பார்த்தா மயங்கிருவோம். கேட்டாத்தான் உண்மை வெளிய வரும்."

தத்துவம் நன்றாகத்தான் இருந்தது. எல்லாத் தத்துவங்களையும்போல, வீட்டுக்கு எடுத்துப்போகும்வரை.

ஓய்வு பெற்ற பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தொடர்களைக் கேட்டார். முகங்களைப் பார்த்தால் வசனம் காதில் ஏறவில்லையாம். மனைவி எதிரே வந்து நின்று பேசினாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கவனமாகக் கேட்கிறாராம். அதை அவர் மரியாதை என்றே நினைத்திருந்தார்.

மனைவி வேறு ரகம். நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் பழைய நாவல்களை எடுத்து வருவாள். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் ஆரம்பத்துக்குப் போவாள்.

"முடிவு தெரிஞ்சப்புறம் என்னத்தைப் படிக்கிற நீ? ஏறுறதுக்கு முன்னாடியே எறங்குற மாதிரி இருக்கு."

"செத்துருவாளோ பொழைச்சுருவாளோன்னு பதறிக்கிட்டே படிச்சா, அவ என்ன பேசினான்னே மனசுல நிக்காதுங்க. முடிவு தெரிஞ்சா நிதானமா அவகூட இருக்கலாம்."

அவர் சிரித்தார், ஜன்னலைப் பார்த்து.

வெளியூரிலிருந்து ஆறு மாதம் கழித்து வந்த மகள் வாசலிலேயே பையைக் கீழே போட்டுவிட்டாள். அம்மா பாதியாகியிருந்தாள். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு, வளையல் முழங்கைவரை ஓடியது.

"ஒரே வீட்டுலதானே இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியலையாப்பா?"

"குரல் அப்படியேதானேம்மா இருந்துச்சு" என்றார் அவர். பொய் இல்லை.

ஆஸ்பத்திரி வாசம் நான்கு மாதம். முடியெல்லாம் கொட்டியது. உயிர் தங்கியது. வெளியே வந்தவள் நேராகத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் போடவில்லை. "என் குரல் போதும்னா போன் இருக்கே, பண்ணுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவரும் பண்ணினார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு. "நல்லாருக்கேன்" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் கோபம் எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது என்று கணித்துவிட்டு நிம்மதியாக டீ போட்டுக்கொள்வார். நேரில் போய்க் கூப்பிடவில்லை. அதற்குக் காரணம் ஒரு படம்.

பஸ்ஸில் முப்பது தடவைக்கு மேல் கேட்ட படம் அது. மனைவி கோபித்துக்கொண்டு போய்விடுவாள். புருஷன் பின்னாலேயே ஓட மாட்டான், வீட்டிலேயே கிடப்பான். கடைசி ஐந்து நிமிஷம் ஒரு வசனம் கிடையாது. மழை. கதவில் சாவி திரும்பும். செருப்புச் சத்தம். மேஜையில் 'ணங்' என்று ஒரு கண்ணாடி தம்ளர். அப்புறம் வயலின். 'வந்துட்டா, தண்ணி கொண்டாந்து வைக்கிறா' என்று ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தொண்டையைச் செருமிக்கொள்வார். சரிதானா என்று கேட்க ஆள் இல்லை. அந்த நேரத்தில் கண்டக்டர் பின்சீட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார்.

ஆக, வாசல் கதவைத் தாழ்போடாமல் சாத்திவைத்துக் காத்திருந்தார். பதினொரு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். பழைய கண்டக்டர் இவரைப் பார்க்க வந்திருந்தார். கடைசிக் கட்டம் நெருங்க, "இப்பக் கேளுய்யா" என்று இவர் கண்ணை மூடினார். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. ஆளோடு நாற்காலியைத் தூக்கித் திருப்பிவிட்டார்.

"ஒரு தடவை பாருங்கண்ணே. கழுத்தா சுளுக்கிக்கும்?"

மழையில் நனைந்த குடையோடு அந்தப் பெண் உள்ளே வந்தாள். அலமாரியில் தன் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். புருஷன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்; திரும்பவில்லை. வீட்டுச் சாவியை ஒரு காலித் தம்ளருக்குள் போட்டு மேஜையில் வைத்தாள். ணங். பிறகு செருப்புச் சத்தம், வாசலைத் தாண்டி, படியிறங்கி, தேய்ந்துகொண்டே போனது. பஸ்ஸின் இன்ஜின் இரைச்சலில் அவருக்கு ஒரு நாளும் எட்டாத சத்தம் அது.

"நல்ல படம்ணே. முடிவுதான் கொஞ்சம் இழுவை" என்றார் கண்டக்டர்.

இவருக்கு மொதல்ல பேச்சுதான் நின்றது.

மறுநாள் காலை பஸ் ஏறினார். முன்சீட்டு. டிவியில் எதுவோ ஓடியது. பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

"வாங்க மாப்ளே" என்று அவள் அண்ணன் கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டிவிட்டு, விவரமான மனுஷன், கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவினார். அவள் வந்தாள். முடி முளைத்து, குட்டையாக, முழுக்க நரைத்திருந்தது. இடது புருவத்துக்குக் கீழே ஒரு மச்சம். புதுசா, கல்யாணத்தன்றே இருந்ததா? யாரிடம் போய்க் கேட்பது?

"என்ன இப்படிப் பாக்குறீங்க?"

"பாக்கத்தான் வந்தேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டுக்கு வாயேன்" என்றார். யோசித்து வைத்திருந்த மிச்சமெல்லாம் மறந்துபோனது.

அவள் உள்ளே போனாள். ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்து மேஜையில் வைத்தாள். ணங். இம்முறை கண்ணைத் திறந்துதான் இருந்தார். முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. படிக்கப் பழகாத எழுத்து.

"குடிச்சிட்டுக் கிளம்புங்க. கடைசி பஸ் போயிடும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. அந்த வழியில் கடைசி பஸ் ராத்திரி ஒன்பதே பத்துக்கு. இருபத்தெட்டு வருஷம் அந்தத் தடத்தில் ஓட்டியவருக்கு அது தெரியும். அத்தனை வருஷமும் அவர் நேரத்தைக் கணக்குப் பண்ணியே உலை வைத்தவளுக்கும் தெரியும்.

அவர் தண்ணீரை ரொம்ப மெதுவாகக் குடித்தார்.