கூப்பிட்ட வண்டியைத் திருப்பி அனுப்பினோம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா எப்படிப் போனாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இன்று எழுதுகிறேன்.

தென்காசியில் கோயிலை ஒட்டிய நம் வீதியில் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே நடை தூரம். எதற்கும் யாரும் வண்டி பிடித்ததில்லை. ஒரு சாரல் நாளில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. நான் குதிரை வண்டியைக் கூட்டிவந்தேன்.

எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "என்ன மதினி, இந்தா இருக்க ஆசுபத்திரிக்கு வண்டியில ஊர்கோலமா போறிய?"

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "வண்டிய அனுப்புங்க. நான் என்ன புதுப்பொண்ணா? நடந்தே வாரேன்" என்றாள். நானும் அனுப்பிவிட்டேன். வழியில் விசாரித்தவர்களுக்கெல்லாம் நின்று நின்று பதில் சொன்னாள். தெருமுனையில் என் கைப்பிடி நழுவி விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இப்போது வீட்டில் யாருக்கு முடியாவிட்டாலும், யார் சிரித்தாலும், வண்டியில்தான் கூட்டிப்போகிறேன்.

அவளை எரித்துவிட்டு வந்த மறுநாள் விடியலில் தனியாகத் தெருமுனைக்குப் போனேன். அவளுடைய கண்ணாடி வளையல் துண்டுகள் ஈர மண்ணில் கிடந்தன. வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் குத்திவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன்.