வரிசையில் நகர்ந்த கொலைக்கதை

பிள்ளைகளே, நான் கன்டெய்னர் லாரி ஓட்டிய காலத்தில், துறைமுகத்துக்குள் போக எண்ணூர் ரோட்டில் இரண்டு நாள்கூட வரிசையில் நிற்போம். ஒருவர் மர்ம நாவல் வாங்கினால், படித்த தாள்களைக் கிழித்துக் கிழித்துப் பின்னால் நிற்கும் லாரிக்குக் கொடுப்பார். ஆனால் முடிவை மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

ஒருமுறை ஒரு சின்ன ஊரின் கதை வந்தது. வாத்தியார் கிணற்றில் செத்துக் கிடக்கிறார். கொன்றது யாரென்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்களுக்கெல்லாம் போஸ்ட்மேன் மேல்தான் சந்தேகம். கடைசிப் பத்துத் தாள் என் கைக்கு வருவதற்குள் எனக்கு முன்னால் நின்ற லாரி கிளம்பிவிட்டது. அது உள்ளே போனதும் கேட்டை மூடிவிட்டார்கள்.

"யோவ் மாமு, கொன்னவன் யாருன்னு சொல்லிட்டுப் போய்யா!" என்று கத்தினேன்.

"இன்னா அவசரம் நைனா? திரும்பி வருவேன்ல!" என்று முன் லாரிக்காரர் உள்ளேயிருந்து சிரித்தார்.

எனக்குச் சோறே இறங்கவில்லை. சாயங்காலம் பெட்டியை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கமாக வெளியே வந்த அவர், சுருட்டிய தாள்களை என் ஜன்னலுக்குள் எறிந்தார். ஒரே மூச்சில் படித்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர் ஓடி வந்தார். "போஸ்ட்மேன்தானே? தலையையாவது ஆட்டுபா!"

சொல்லிவிட வாய் துடித்தது. "நீயே படிச்சுக்கோ மாமு" என்று தாள்களை நீட்டினேன். அவர் என் லாரிப் படியிலேயே உட்கார்ந்து படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தாளில் "அடப்பாவி!" என்று அவர் துள்ளியபோது வந்த சந்தோஷம், நான் படித்தபோதுகூட எனக்கு வரவில்லை.