மச்சி விசாரித்த செய்திகள்

மண்ணெண்ணெய் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற மனிதர் திரும்பி, நாளையிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு என்று சொன்னார். வரிசை முழுவதும் 'யா அல்லாஹ்' என்று ஒரு பெருமூச்சு ஓடியது. மச்சி மட்டும் கையிலிருந்த வெறுங்கேனை நிலத்தில் வைத்துவிட்டு, "ஆர் சொன்ன காக்கா?" என்று கேட்டார். மருமகன் சொன்னாராம். மருமகனுக்கு ஆர் சொன்ன? அவர் கடைக்குச் சாமான் இறக்க வந்த லொறிச் சாரதி. சாரதிக்கு ஆர் சொன்ன? அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தங்கச்சி, பொலிஸ்காரர் மாதிரிக் கேக்கிறீங்க?" என்றார். மச்சி கேனை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ளயீஃப்" என்று மெதுவாகச் சொன்னார். பலவீனமானது, எடுக்க வேண்டாம் என்று அர்த்தம். மறுநாள் ஊரடங்கு வரவில்லை. அதற்காக அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. வந்திருந்தாலும் அன்றைக்கு அது ளயீஃப்தான் என்பார்.

மச்சி என் காக்காவின், அதாவது மூத்த சகோதரனின், மனைவி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படி என் காக்கா கல்முனையிலேயே இரண்டு தெரு தள்ளிக் குடிபோனார். எனக்கு ஒரு சகோதரன் குறைந்து, சேர்ந்து படிக்க ஓர் ஆள் கிடைத்தது. நாங்கள் இரண்டு பெண்களும் பட்டதாரி நியமனத்தில் பிரதேச செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேசை இருந்தது, கதிரை இருந்தது, வேலைதான் அதிகம் இல்லை. இலங்கை நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு இருவரும் விண்ணப்பித்திருந்தோம். எனக்கு இன்னும் வயது இருந்தது. அவருக்கு அதுவே கடைசி முறை. அடுத்த பரீட்சை அறிவிக்கப்படும்போது வயதெல்லை தாண்டியிருக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இருக்கிற அரசாங்க உத்தியோகம் போதாதா, கைக்குழந்தைக்காரிக்கு எதற்கு இந்தப் பாடு என்று அவருடைய உம்மா, நான் மாமி என்று அழைப்பவர், நாளுக்கு ஒரு முறையாவது கேட்பார். மச்சி ஒரு தடவைதான் பதில் சொன்னார். எங்கள் செயலகத்துக்கு அப்போது நிரந்தர அதிகாரி இல்லை. வேறொரு பிரிவிலிருந்து பதில் கடமைக்கு வருபவர் கிழமைக்கு ஓரிரு நாட்கள்தான் வருவார். சொறிக்கல்முனையிலிருந்து ஒரு விதவைப் பெண் உதவிப்பணக் கடிதத்துக்காக நடையாய் நடந்தார். எல்லாப் பத்திரமும் சரியாக இருந்தது, ஒப்பமிட ஆள் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து மச்சி சொன்னது இது: "என்ட மேசையில முத்திரை இரிக்கி உம்மா, கையெழுத்து இல்ல. அந்தக் கையெழுத்து எனக்கு வேணும்." அதன் பிறகு மாமி கேள்வியை நிறுத்தவில்லை, ஆனால் குரலைக் குறைத்துக்கொண்டார்.

பரீட்சையில் எங்களை அலைக்கழித்தது பொது அறிவுப் பாடம், அதிலும் நடப்பு விவகாரம். மற்ற வருடங்களில் கடையில் விற்கும் கையேட்டை வாங்கி அமைச்சர்கள், ஆளுநர்கள், மாநாடுகள், விருதுகள் என்று மனனம் செய்தால் ஓரளவு கரை சேரலாம். நாட்டில் பணமும் எரிபொருளும் தீர்ந்துபோன அந்த வருடம் கையேட்டின் மை காயுமுன் அதிலிருந்த பெயர்கள் பழசாகிவிட்டன. காலையில் பாடமாக்கிய அமைச்சர் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் அமைச்சராக இருப்பாரா என்று நிச்சயமில்லை. கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகை மெலிந்தது, மின்வெட்டில் தொலைக்காட்சி செத்துக்கிடந்தது. மிச்சமிருந்தது கைத்தொலைபேசியும் வரிசையும்தான். இரண்டிலும் செய்திக்குப் பஞ்சமே இல்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பரீட்சை எழுதுபவர்கள் சேர்ந்து வைத்திருந்த வட்ஸ்அப் குழுவில் விடியும்போதே செய்திகள் குவிந்திருக்கும், பாதி பொய்.

மச்சி இஸ்லாமியக் கற்கைகள் படித்துப் பட்டம் பெற்றவர். ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் அதை யார் யாரிடமிருந்து கேட்டார், அந்த ஆள் நம்பிக்கையானவரா, ஞாபகசக்தி எப்படி, சங்கிலி எங்காவது அறுகிறதா என்று பார்க்கிற ஒழுங்கு அவருக்குப் பழகிப்போனது. அதை அப்படியே நடப்பு விவகாரத்துக்கு எடுத்துக்கொண்டார். அரசாங்க வர்த்தமானியில் கண்ணால் கண்டது ஸஹீஹ், நம்பி எடுக்கலாம். சொன்னவர் பெயரும் இடமும் தெரிந்தால் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். 'குழுவில வந்த' என்றால் ளயீஃப். நான் முதலில் கேலி செய்தேன், மார்க்க விசயத்தைக் கொண்டுபோய் எரிவாயு விலையோடு சேர்க்கிறீர்களே என்று. "மார்க்கத்த நான் தொடல்ல புள்ள, அதுக்குள்ள இரிக்கிற கவனத்தத்தான் கடன் வாங்கினன்" என்றார். கல் பொறுக்காத அரிசியை உலையில் போட்டால் எந்தக் கவளத்தில் பல் போகும் என்று தெரியாது, அதுதான் அவருடைய பயம். எனக்கோ கணக்குத்தான் வரும். நுண்ணறிவுப் பாடத்தில் நான் அவருக்கு உதவினேன், நடப்பு விவகாரத்தில் அவர் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டக்களப்பில். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரம் குழுவில் ஒரு கடிதத்தின் படம் வந்தது. எரிபொருள் நெருக்கடி காரணமாகப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டுள்ளது. கீழே ஒப்பமும் முத்திரையும். யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அந்த நாட்களில் எத்தனையோ பரீட்சைகள் உண்மையாகவே பின்போடப்பட்டன. குழுவில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் போட்டார்கள். நானும் போட்டேன், புத்தகத்தையும் மூடினேன். மச்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுக்குத் தலை இரிக்கி, கால் இரிக்கி, திகதி எங்க? வெட்டிரிக்கி பாரு" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார். எங்கள் குழுவில் போட்ட சாய்ந்தமருதுப் பிள்ளைக்கு நிந்தவூர் ஆசிரியர் ஒருவர் அனுப்பியிருந்தார். அவருக்குப் பாலமுனையில் ஒருவர். பாலமுனைக்காரர் யோசித்துவிட்டு, "எங்கயோ ஒரு குழுவில வந்த" என்றார். சங்கிலி அங்கே அறுந்தது. உரிய அலுவலகத்துக்கு எடுத்தால் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

"பொய் எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது. உண்மை எண்டும் தெரியாது. தள்ளிப்போட்டிருந்தா வெறுங்கையோட திரும்பி வருவம், அவ்வளவுதானே. தள்ளிப்போடல்லண்டா?" அதற்கு மேல் விவாதம் இல்லை. குழுவில், கடிதத்தில் திகதி இல்லை, அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை, நான் நாளைக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று எழுதினார். சிரிப்புப் படங்கள் வந்து விழுந்தன. ஒருவர், உங்களுக்குப் பரீட்சைப் பயத்தில் மூளை கலங்கிவிட்டது என்றார். அவர்கள் வராவிட்டால் நமக்கு நல்லதுதானே, என்னத்துக்கு இப்படிக் கெஞ்சுகிறீர்கள் என்று நான் கேட்டேன். மச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நேரே நிற்கிறது. "ஆள் ஓடாத பந்தயத்தில முதலாவதா வந்து, அத ஆருக்குப் புள்ள காட்டுற?" என்றார்.

பஸ் ஓடவில்லை. மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. வீட்டில் டீசல் இருந்தது, ஆனால் அது வெள்ளாமை வெட்டுக்குக் காக்கா நாள்கணக்கில் வரிசையில் நின்று வாங்கியது. அதைத் தொட்டால் கதிர் வயலில் கிடந்து உதிரும் என்று மாமி வாசலில் நின்று சத்தம் போட்டார். காக்கா அதிகம் கதைக்கிற ஆளில்லை. லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் டாங்கியைத் திறந்து ஊற்றிக்கொண்டே, "வெள்ளாமை அடுத்த போகமும் வரும் மாமி. இவட வயசு வராது" என்றார். என் காக்காவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் அதுதான்.

சனிக்கிழமை காலை காக்கா ஓட்ட, அதன் பின்பெட்டியில் பாய் விரித்து, குடை பிடித்து, குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. மச்சி விடவில்லை. சர்வதேச அமைப்புகளின் தலைமையகங்களை அவர் கத்திக் கேட்க, நான் கத்திப் பதில் சொல்ல, களுவாஞ்சிக்குடிச் சந்தியில் நின்றவர்கள் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்துச் சிரித்தார்கள். காத்தான்குடியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனால் வாசல் திறந்திருந்தது, பரீட்சைச் சுட்டெண்கள் ஒட்டியிருந்தன. பரீட்சை நடந்தது. அந்தக் கடிதம் வேறொரு பரீட்சைக்கு முன்னொரு நாள் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மண்டபத்தில் எத்தனையோ கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. மச்சி அந்தக் கதிரைகளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாதங்கள் கழித்துப் பெறுபேறு வந்தது. என் சுட்டெண் இருந்தது. மச்சியுடையது இல்லை. பொது அறிவில் அவர் எங்கேயோ உயரத்தில் நின்றார், நுண்ணறிவில் சறுக்கிவிட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. அவர் இழுத்துக்கொண்டு போயிருக்காவிட்டால் நான் அன்று வீட்டில் படுத்திருப்பேன். அதை நினைத்து நான் அறைக்குள் அழுதுகொண்டிருக்க, அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அவருடைய கண்களும் சிவந்திருந்தன, மறைக்கவில்லை. "நானும் அழுதிட்டுத்தான் வாறன், இனிப் போதும்" என்றார். "நேர்முகப் பரீட்சையில நடப்பு விசயம் கேப்பாங்க. உனக்கு ஒண்டும் தெரியாது. போ, முகத்தக் கழுவிட்டு வா." நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "உத்தியோகத்தில இரிக்கிற ஆக்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை இரிக்கி. சேவைக் காலம் நிறையட்டும். அது என்ட பாடு."

இப்போது நான் வேறொரு மாவட்டத்தில் உதவிப் பிரதேச செயலாளர். என் கையெழுத்துக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள், அவர்களை நான் நடக்க விடுவதில்லை. மச்சி அதே செயலகத்தில், அதே மேசையில் இருக்கிறார். போன கிழமை தொலைபேசி எடுத்தார். சேவைக் காலம் நிறைந்துவிட்டது, விண்ணப்பம் போட்டாயிற்று, தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நுண்ணறிவுக் கணக்கு செய்கிறார். வேண்டுமானால் நான் தினமும் கேள்வி கேட்கட்டுமா என்றேன். "கேளு. ஆனா லேசான கேள்வி கேட்டு என்னச் சந்தோசப்படுத்தப் பார்க்காத" என்றார்.

இருப்பதிலேயே கடினமான கணக்கிலிருந்து தொடங்கினேன்.