மூன்றாவது மணி

எங்கள் சர்ச்சின் மணிக்கூண்டில் மூன்று மணிகள். ஒன்று விரிசல் விட்டு, தகரத்தைத் தட்டுவது போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தேக்கு உத்தரத்தையும் கறையான் தின்றுவிட்டது. மூன்றையும் இறக்கி, விரிசல் விட்டதற்குப் பதில் புதிது வார்த்து, இரும்பு உத்தரத்தில் மாட்டுவது என்று கமிட்டி முடிவு செய்தது. பொறுப்பு செயலாளருடையது. அந்த மனிதரிடம் எதைச் சொன்னாலும் "யபாதே" என்பார். பர்மிய மொழியில் பரவாயில்லை, ஆகட்டும் என்று அர்த்தம். மற்ற பர்மாக்காரர்கள் சொன்னால் ஆறுதலாக இருக்கும். இவர் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் நகரத்தின் இன்னொரு கோடியில், தின்கன்ஜூனில் இருந்தாலும் ஞானஸ்நானம் முதல் எல்லாம் இந்த சர்ச்சில்தான். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் மலேசியாவுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள், திரும்ப முடியுமா, தெரியாது. இப்போது போகிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. புடவைக்கும் நகைக்கும் பிடிவாதம் பிடிக்காதவள் ஒன்றே ஒன்று கேட்டாள். வெளியே வரும்போது மூன்று மணியும் அடிக்க வேண்டும்.

பழைய மணியையே மாதிரிக்கு அனுப்புங்கள் என்று செயலாளரிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். லாரிக் கூலி வீண் என்று அளவை மட்டும் போனில் சொல்லிவிட்டார். வார்த்தது மண்டலேயில், புத்தர் கோயில்களுக்கு மணி செய்யும் பட்டறை. வழியெல்லாம் சோதனைச்சாவடி. லாரி வந்து சேர்ந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள். கரண்ட் இல்லை. செயின் பிளாக்கைக் கையால் இழுத்து ஏற்றினோம். மாட்டி முடித்து, கயிறு கட்டப் போன, சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை உள்ளே தடவிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். மணிக்கு நாக்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட ஒரு கொக்கிகூட இல்லை.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். புத்தர் கோயில் மணியை வெளியே இருந்து கட்டையால்தானே அடிப்பார்கள், நாக்கு வேண்டும் என்று உங்கள் ஆள் சொல்லவே இல்லையே என்றார். அவர் மேல் என்ன தப்பு?

"யபாதே அண்ணே. மேல ஒரு ஆள நிறுத்திக் கட்டையால அடிக்கச் சொன்னாப் போச்சு. ஆளு எம் பொறுப்பு" என்றார் செயலாளர்.

மறுநாள் பூசை முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது கோயில்பிள்ளை என் காதில் சொன்னார், ஆள் வரவில்லை. மற்ற இரண்டு கயிற்றையும் அவர்தான் இழுத்தாக வேண்டும். வாலிபர்கள் என்று சொல்ல சர்ச்சில் யாரும் மிச்சமில்லை, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து எல்லாரும் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். செயலாளருக்கு முழங்கால் வலியாம். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மூணும் அடிக்கும்லப்பா?"

அடிக்கும் என்று தலையாட்டிவிட்டு, பட்டு லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

செயலாளர் மேல் இருந்த கோபம் முழுவதையும் வைத்து அடித்தேன். நல்ல கனமான நாதம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மரச்சட்டங்களின் இடுக்கு வழியே பார்த்தால், கீழே படியில் குடும்பப் படத்துக்காக எல்லாரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மகள் திரும்பித் திரும்பி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். இங்கே இருக்கிறேன் என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அடிப்பதை நிறுத்தியிருந்தால் கேட்டிருக்கும். நிறுத்தினால் அவள் கேட்ட மூன்று இரண்டாகிவிடும். போட்டோக்காரர் கையை ஆட்டி அவசரப்படுத்தினார். அவள் பக்கத்தில் எனக்காக விட்டிருந்த இடத்தில், விறுவிறுவென்று படியேறி வந்து நின்றுகொண்டார் செயலாளர்.