முதலில் வாங்கியவருக்கு மட்டும்

என் தங்கையின் கைகள் வெந்த செய்தியை நான்தான் எழுதினேன். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை, மருந்து செலுத்தும் அறையில் உராய்வு, ஒருவர் பலி, மூவர் காயம். அப்போது சிவகாசியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். காயமடைந்தவர்களின் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் வழக்கம்போல ஃபேக்ஸில் அனுப்பினேன். மூன்றாவது பெயர் அவளுடையது. மறுநாள் எட்டு வரியில் வந்தது.

அவள் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருந்தவள். சேலையில் பிடித்த தீயை இரண்டு கையாலும் அடித்து அணைத்திருக்கிறாள். உடம்பில் வேறெங்கும் பெரிய காயமில்லை. உள்ளங்கைகளும் விரல்களும்தான். மதுரையில் ஒரு மருத்துவமனையில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபி பார்க்கும் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"புதுத் தோல் சுருங்கத்தான் பார்க்கும். விரலை மடக்கி நீட்டிக்கிட்டே இருக்கணும். மூணு மாசம் டைம். அதுக்குள்ள விரல் எப்படி நிக்குதோ, அப்படியேதான் நின்னுபோகும்."

கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அவள் அதை அழுத்தி அழுத்திப் பன்னிரண்டு வரை எண்ணுவாள். பதின்மூன்றாவதில் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுவிடும். "இதுக்கு அந்தத் தீயே தேவலண்ணே" என்பாள். கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், ஆனால் அழமாட்டாள்.

அவள் நிறுத்தாமல் விரலை அசைத்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். வீட்டுக்கு வருவதற்கு முன், வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி கையடக்க வீடியோ கேம் ஒன்று வைத்திருந்தாள். அதை வாங்கிப் பொத்தான்களை அழுத்த ஆரம்பித்தவள் அரைமணி நேரம் கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்த பிசியோதெரபி அம்மா, "இதையே ஆடுங்க. ஆடி முடிச்சதும் கையில சூடு இருக்கும்போதே ஒவ்வொரு விரலா நீட்டிப் பிடிங்க. எதுல அசைஞ்சா என்ன, அசைஞ்சாச் சரி" என்றார்.

தங்கையின் கணவர் திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். விசாரித்து விசாரித்து அவரே ஓர் இடம் கண்டுபிடித்தார். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி வீடு. மகன் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டான். டி.வி.யில் மாட்டி ஆடுகிற வெளிநாட்டுக் கம்பெனி கேம் பெட்டி, வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, சும்மா கிடந்தது. புதிதாக வாங்க எங்களால் ஆகாது. பைக்கில் இரண்டு பேரும் போனோம்.

கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றோம். பிறகு முதலாளி வந்தார். அட்டைப்பெட்டி, தெர்மோகோல், இரண்டு ஜாய்ஸ்டிக், மூன்று டிஸ்க், வாரண்டி கார்டு எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்தார்.

"வருஷ வாரண்டி. இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. பில்லு ஆபீஸ் ஃபைல்ல இருக்கு, வேணும்னா ஆள் அனுப்புங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த இருபத்துமூன்று நாளும் தங்கை வீட்டு டி.வி.யில் கார் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கார் பந்தய டிஸ்க் மட்டும்தான் பிடித்தது. சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவள். ஜாய்ஸ்டிக்கின் மேல் விளிம்பில் இருந்த பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்தினால் வேகம், கட்டைவிரலால் திருப்பம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் முகம் சுளிக்கும், ஆனால் கண் திரையை விட்டு வராது.

"ஏலே மஞ்சக் காரு, ஒதுங்குலே! அண்ணே, இவன் நம்ம ஏழாயிரம்பண்ணை வேன்காரன் மாதிரியே இடிக்கான்."

"நீ ரோட்டுல ஓட்டு மொதல்ல, புல்லுல ஓட்டாத" என்பார் மாப்ள.

"நீங்க பேசாம இருங்க. மெஷின்ல பேப்பர் தள்ளுத ஆளுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

ஆட்டம் முடிந்ததும் மாப்ள அவள் எதிரே உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீட்டிப் பிடிப்பார். மனசுக்குள் எண்ணுவது அவர் உதட்டில் தெரியும். மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் நான் போனபோது அவள் தட்டில் சோற்றைத் தானே பிசைந்துகொண்டிருந்தாள். பாதி கீழே சிந்தியது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன்.

இருபத்துநான்காம் நாள் டிஸ்க் சுற்றியது, படம் வரவில்லை. துடைத்துப் போட்டோம், வேறு டிஸ்க் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. சிவகாசியில் டி.வி. மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திருப்பி அடியில் ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரைக் காட்டினார்.

"லென்ஸ் போயிருக்கும் சார். ஆனா நான் தொறந்தா இந்த சீல் கிழிஞ்சிரும். கிழிஞ்சா வாரண்டி அம்புட்டுத்தான். மதுரைல சர்வீஸ் சென்டர் இருக்கு, அங்கன குடுங்க. சும்மாவே மாத்திக் குடுப்பான்."

நேர்மையான மனிதர். அன்றைக்கே நான் கார்டை முழுதாகப் படித்தேன். பொடி எழுத்துகளைப் படிப்பது என் தொழில். ஆங்கிலத்தில் ஏழாவது நிபந்தனையாக இருந்தது: இந்த வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும். முன்பக்கம் முதலாளி மகனின் பெயர் நீல மையில் இருந்தது.

"அப்ப நமக்குக் கிடையாதா மச்சான்?" என்றார் மாப்ள.

"இதன்படி கிடையாது."

முதலாளியிடம் போய் உதவி கேட்கலாம், மகனை ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லலாம் என்றார் மாப்ள. நான் வேண்டாம் என்றேன். ஒரு நிருபர் ஒரு முதலாளி வீட்டில் உதவி என்று நின்றால் அடுத்த மாதம் அவர் ஒரு செய்தியைப் போடச் சொல்வார், அல்லது போடாமலிருக்கச் சொல்வார். இது நான் அன்றைக்குச் சொன்ன காரணம். அந்தக் கேட்டுக்கு வெளியே மறுபடியும் முக்கால் மணி நேரம் நிற்க எனக்கு விருப்பமில்லை என்பதும் காரணம். அதைச் சொல்லவில்லை.

மாப்ள கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தை நகத்தால் நெருடினார்.

"ஆர்ட் கார்டு, நாலு கலர். இது என்ன பெரிய வித்தை? ஊரு உலகத்துக்கே கார்டு அடிக்கோம், நமக்கொண்ணு அடிக்க முடியாதா?"

நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்தேதான் அப்படி இருந்தேன்.

ஒரே ஒரு கார்டுக்காக எந்த மெஷினும் ஓடாது. வாழ்த்து அட்டை ஆர்டர் ஒன்று வரவேண்டியிருந்தது. அதன் தாளில் ஓரத்தில் வெட்டிப் போடுகிற காலி இடம் இருக்கும், அதில் வைத்துவிடலாம் என்றார். ஆர்டர் வர பத்து நாள் ஆனது. பேச்சுக்குப் பத்து நாள் என்று சொல்லவில்லை, நான் எண்ணியது. கார்டை ஸ்கேன் செய்து பெயரை அழித்து, ஓரத்தில் ஏற்றினார். நாலாயிரம் தாள் ஓடியது. நாலாயிரம் வாரண்டி கார்டு அச்சாகி, நாலாயிரமும் கழிவோடு வெட்டுப்பட்டது. அவர் மூன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

தங்கை சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. "ஒரு கார்டுக்கு நாலாயிரமா? அப்ப ஒண்ண எடுத்து என் கைக்கு எழுதிவைங்க."

கடை முத்திரை ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவருக்கு அரைமணி நேர வேலை. வாங்கிய தேதி அதே தேதி. பெயர் மட்டும் மாப்ளயின் பெயர். அவரே குண்டு குண்டாக எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசலில் சிவப்பு நிறம் ஒரு நூல் அளவு விலகி அச்சாகியிருந்தது. எங்கள் கார்டில் எல்லா நிறமும் சரியாக உட்கார்ந்திருந்தது.

மதுரை சர்வீஸ் சென்டரில் கவுன்டரில் இருந்த பெண் கார்டை வாங்கி அதன் மூலையிலிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். பிறகு கார்டைப் பார்த்தாள். பிறகு மாப்ளயைப் பார்த்தாள்.

"சார், இந்த கார்டு நம்பர் வேற பேருக்கு ஏறியிருக்கே."

மாப்ள என்னைப் பார்த்தார்.  அவள் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். அவர் கார்டை விரலால் தடவிப் பார்த்து, "எங்க அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். மாப்ள "சிவகாசி" என்றார்.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"பழைய கார்டு உங்ககிட்ட இல்லையா?"

"வீட்டுல இருக்குங்க."

"அதையும் பில் ஜெராக்ஸையும் கொண்டு வந்திருந்தா இன்னைக்கே எடுத்திருப்போமே சார். செகண்ட்ஹேண்ட்ல வாங்குறது எல்லாரும் செய்றதுதான். எங்களுக்குப் பெட்டியோட நம்பரும் தேதியும்தான் கணக்கு, பேரு யாருதா இருந்தா என்ன?"

"கார்டுல முதல்ல வாங்கினவருக்கு மட்டும்னு போட்டிருக்கே" என்றேன்.

"போட்டிருக்கும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?"

கார்டின் பின்பக்கம் அவர்களின் போன் எண் இருந்தது. எங்கள் கார்டிலும் இருந்தது, மிகத் தெளிவாக. விபத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையை மூன்று பேரிடம் கேட்காமல் எழுதாதவன் நான்.

இனி பழைய கார்டைக் கொண்டுவந்தாலும் முடியாது என்றார் அவர். போலி கார்டு வந்ததை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும், அந்தப் பெட்டியின் நம்பரை நிறுத்திவிடுவார்கள், போலீசுக்குப் போகாமல் விடுவதே அவரால் ஆனது. நாங்கள் நன்றி சொன்னோம். உண்மையாகவே சொன்னோம்.

பஸ்ஸில் மாப்ள பெட்டியை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். திருமங்கலம் தாண்டியபின் திரும்பினார்.

"அச்சு நல்லாத்தான் வந்திருந்துச்சு, இல்ல மச்சான்?"

"நல்லா வந்திருந்தது" என்றேன்.

பிறகு அதே டி.வி. மெக்கானிக் சீலைக் கிழித்துத் திறந்தார். லென்ஸ்தான். சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார். ஒரு முறை வந்தது, மாடல் மாறிவிட்டது. திருப்பி அனுப்பி மறுபடி வர மொத்தம் ஆறு வாரம். அதற்குள் தங்கை பந்தை எடுத்தாள், வைத்தாள். மாப்ள எண்ணெயோடு எதிரே உட்கார்ந்தால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரலைத் தொட்டால் கத்தினாள். அவருக்கு இழுத்து நீட்ட மனசு வரவில்லை. தட்டில் மறுபடியும் ஸ்பூன் வந்தது. இடது கை ஓரளவு தப்பியது; வலது கையில் சுண்டுவிரல் முதலில் உள்ளே மடங்கியது, பிறகு மோதிர விரல், பிறகு நடுவிரல்.

பெட்டி வேலை செய்ய ஆரம்பித்த அன்று ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் மாப்ள வைத்தார். கட்டைவிரல் அதன் இடத்துக்குப் போனது. ஆள்காட்டி விரல் நீளவில்லை, மேல் விளிம்புப் பொத்தானுக்கு எட்டவில்லை. கார் தொடக்கக் கோட்டிலேயே நின்றது, மற்ற கார்கள் போய்விட்டன. இரண்டு தடவை முயன்றுவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கீழே வைத்தாள்.

மூன்றாம் மாத முடிவில் மதுரைக்குப் போனோம். பிசியோதெரபி அம்மா கோணமானியை ஒவ்வொரு மூட்டாக வைத்து அளந்தார். முதல் மாதம் எழுதிய எண்களைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"முதல் மாசம் நல்லா வந்திருக்கு. அப்புறம் என்னாச்சு? ஏன் நடுவுல விட்டீங்க?"

மாப்ள கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தார். அதற்கு முன் தங்கை சொன்னாள்:

"எனக்குத்தாங்க பிடிக்கல. சின்னப்புள்ள மாதிரி டி.வி. முன்னால உக்காந்துகிட்டு... கூச்சமா இருந்துச்சு. விட்டுட்டேன். இவுக ரெண்டு பேரும் சொல்லத்தான் செஞ்சாக."

"உங்களுக்காகத்தானே இவங்க கெடந்து அலையிறாங்க? வலின்னா சொல்லலாம், பிடிக்கலைன்னா எப்படிம்மா?"

"தப்புத்தாங்க."

அந்த அம்மா பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதினார். எதிரிலிருந்து தலைகீழாகப் படிப்பது போலீஸ் நிலையங்களில் நான் பழகிக்கொண்டது. நோயாளி பயிற்சியைத் தானாக நிறுத்திக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அது தவறான செய்தி. நான் திருத்தச் சொல்ல முன்னால் குனிந்தேன். மேசைக்கு அடியில் தங்கையின் கால் என் காலை மிதித்தது. அழுத்தி மிதித்தது, எடுக்கவில்லை.

"இனிமே ஆபரேஷன்தான். அதுவும் தோல் முழுசா ஆறணும், ஒரு வருஷம் கழிச்சு வாங்க. எவ்வளவு நீளும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள். சீட்டை வாங்க வலது கையை நீட்டினாள், பிறகு அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.