வெறுங்கையோடு நடந்த பெண்

வீட்டுக்காரர் துபாய் போனதும் மாமியார் என்னை நடவுக்குப் போகக் கூடாது என்றுவிட்டார். துபாய்க்காரர் பெண்டாட்டி சேற்றில் இறங்கினால் குடும்பத்துக்குக் கேவலமாம். சின்ன வயதிலிருந்து நாற்று நட்டவள் நான். வீட்டில் உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷத்தில் தூக்கம் போனது. நெஞ்சு சும்மா படபடக்கும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் நிற்பேன். திருவாரூரில் டாக்டரம்மா பார்த்தார்.

"ஓடியாடுன உடம்பும்மா. திடீர்னு உக்கார வச்சிட்டீங்க, மனசு தாங்கல. தினம் காலையில வேகமா நடங்க."

வாய்க்கால் கரையில் நடந்தேன். வயலில் நாற்றுப் பறித்தவர்கள் பார்த்தார்கள்.

"என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"பஸ் இல்லடி, துபாய் பிளேனைப் பிடிக்க ஓடுறாங்க."

அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது.

"கையில குடம் இல்ல, புல்லுக்கட்டு இல்ல. கைய வீசிக்கிட்டு யாரைடி பாக்கப் போற?" என்றார் மாமியார்.

நாத்தனார் நல்லதாக நினைத்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை நீட்டினாள். "இடுப்புல வச்சுக்கங்க அண்ணி. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

வைத்துக்கொண்டு போனேன். ஒருத்தரும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கள் வாசலிலேயே இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. பொம்பளை எதையாவது சுமந்தால்தான் நடக்கலாம். டீக்கடைக்கு நாலு தடவை கைவீசிப் போகிற ஆம்பளையை யார் கேட்டார்கள்? குடத்தோடு வேகமாக நடக்கவும் முடியவில்லை. தூக்கமும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு போனுக்கு அவர் பேசுவார். மாமியார் முதலில் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

"ஊரே சிரிக்குதாமே. நடக்காம இருந்தா என்ன?" என்றார் அவர்.

"வாய்க்கா கரையில நடந்தா ஊரு சிரிக்குது. வாய்க்காலுக்குள்ள விழுந்துட்டா அழுமா? ரெண்டு நாளா எனக்கு மனசுல அதான் ஓடுது."

 "அம்மாகிட்ட குடு" என்றார் அவர்.

என்ன சொன்னாரோ, அன்றோடு மாமியார் வாய் மூடியது. கையை வீசிக்கொண்டு நடந்தேன். மெல்லத் தூக்கம் வந்தது. நெஞ்சும் அடங்கியது.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. படித்த டாக்டரம்மா சொன்னது போதவில்லை. சாகத் தோன்றுகிற அளவுக்கு நான் தவித்தது மாமியார் கண்ணில் படவில்லை. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆம்பளை சொன்னதும் போதுமாகிவிட்டது.