முன்னாடி என்பது எந்தப் பக்கம்?

ஆம்பூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் ஒன்றொன்றாகக் கதவைச் சாத்திய காலத்தில், அப்படி ஒன்றில் டைப் சொல்லிக்கொடுத்துவந்த ஜெயபுஷ்பம் ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நாற்பது தாண்டிய வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, நயீம் அகமதுவின் டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அது இரண்டாயிரத்து மூன்று. கல்யாணப் பத்திரிகையோ சர்ச் பாட்டுத்தாளோ, எது வந்தாலும் கீபோர்டு படபடக்கும். கல்யாணம் அவளுக்கு அமையவில்லை. “எனக்கு வாச்ச மாப்பிள்ளை இந்த மெஷின்தான்” என்று சர்ச்சில் சொல்லிச் சிரிப்பாள். அந்த மாப்பிள்ளைக்கு ஒருநாள் மூளை பிசகும் என்று யார் கண்டார்கள்?

கடையில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. காலையில் ஜெயபுஷ்பம் அதில் தமிழ் அடிப்பாள். மதியத்துக்கு மேல் ரஃபத் ஜஹான் என்ற இளம்பெண் வந்து உருது அடிப்பாள். இரண்டும் ஒரே எடிட்டரில் ஓட வேண்டும் என்று, ரிப்பேர்க்காரர் எடிட்டரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரலாக, தமிழுக்கு ஒரு பிளக்-இன், உருதுவுக்கு ஒரு பிளக்-இன் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி.

வலது அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் இடது பக்கம் போயிற்று. இடதை அழுத்தினால் வலது பக்கம் ஓடிற்று. ஒரு கல்யாணப் பத்திரிகையில், ஜோவின் என்ற மாப்பிள்ளையின் பெயரில் விட்டுப்போன ‘ன்’, கடைசியில் போய்ச் சேர வேண்டியது, தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அச்சுக்கு முன் சரிபார்க்க வந்த பெண்வீட்டுக்காரர் தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“ன்ஜோவி... இன்னாம்மா இது, பேரா தும்மலா?”

ஜெயபுஷ்பத்துக்கு மானம் போயிற்று. தமிழ் பிளக்-இன்னின் செட்டிங்கைத் திறந்தாள். ‘அம்புக்குறிகளை இடம் மாற்று’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டாள், கர்சர் சொன்ன பேச்சைக் கேட்டது. மறுநாள் காலை வந்து பார்த்தால், டிக் வைத்த இடத்திலேயே இருக்கிறது, கர்சர் மட்டும் தலைகீழ். டிக்கை எடுத்தாள், சரியாயிற்று. அதற்கடுத்த நாள் டிக் இல்லாமலேயே கர்சர் மறுபடி தலைகீழ். போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு என்றால் மனுஷி என்னதான் செய்வாள்?

இந்த நேரம் பார்த்து நயீம் பாய் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஜெயபுஷ்பம்மா, வேலை கம்மியாய்ட்ச்சு. ரெண்டு ஆளு தாங்காது. யாருக்குத் தப்பு கம்மியோ அவங்கள வச்சுக்கிறேன். இன்னொரு பாஷை வேலைய வாணியம்பாடிக்கு அனுப்பிடலாம்.”

இந்த வயதில் இன்னொரு கடைப்படி ஏறி வேலை கேட்பதா? கர்சர் கூத்தை வாய்விட்டுச் சொல்லவும் பயம். சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்கிறாள் என்று பேச்சு வரும். ஒருவேளை தன் மூளைதான் திரும்பிக்கொண்டதோ என்றுகூட நினைத்தாள். சாப்பிடும்போது சோறு பிசைகிற கையைத் தூக்கிப் பார்த்தாள். வலதுதான். அப்படியும் சந்தேகம் தீரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, சனிக்கிழமை காலைகளில் மட்டும் கர்சர் சமர்த்தாக இருந்தது. உபவாச ஜெபம் வெள்ளிக்கிழமை என்பதால் கர்த்தர் காட்டும் தயவு என்று முதலில் தேற்றிக்கொண்டாள். பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் ரஃபத் வருவதில்லை.

ஓகோ, சங்கதி அப்படியா! இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருக்கிற பெண், வேலையைப் பிடுங்கிக்கொள்ளக் குழி வெட்டுகிறாள்! அன்று மதியம் ஜெயபுஷ்பம் வீட்டுக்குப் போகவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிக்கப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ரஃபத் வந்தாள், புர்காவை மடித்து வைத்தாள், ஒரு வரி அடித்தாள், அம்புக்குறியை அழுத்தினாள். “யா அல்லாஹ், இன்னிக்குமா?” என்று முணுமுணுத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள்.

சண்டைக்கு எழுந்த ஜெயபுஷ்பம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

ரஃபத் திடுக்கிட்டுக் கண்ணைத் துடைத்தாள். “முன்னாடி போன்னா பின்னாடி போவுதுக்கா. தினம் சரி பண்ணிட்டுப் போறேன், மறுநாள் வந்தா திரும்பிக்குது. தப்பு கம்மியா இருக்கறவங்களத்தான் வச்சுக்குவேன்னு பாய் வேற சொல்லிட்டாரு. நீங்கதான் வேணும்னே பண்றீங்களோன்னு...”

“எனக்கும் அதே கததான். முன்னாடி போன்னா பின்னாடி போவுது” என்று ஜெயபுஷ்பம் திரையில் வலது பக்கத்தைக் காட்டினாள்.

“அது பின்னாடிக்கா. முன்னாடி இந்தப் பக்கம்” என்று ரஃபத் இடது பக்கத்தைக் காட்டினாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உருது வலமிருந்து இடமாகப் போகும் என்று ஆம்பூரில் தெரியாதவர் உண்டா? தெரிந்தும் தோன்றவில்லை பாருங்கள். வலது அம்புக்குறி என்றால் இருவருக்கும் ‘முன்னாடி’தான், ஆனால் அந்த முன்னாடி ஒருத்திக்கு வலப்பக்கம், இன்னொருத்திக்கு இடப்பக்கம். உருது பிளக்-இன்னிலும் அதே கட்டம் இருந்தது. காலையில் இவள் தன் கட்டத்தை மாற்ற, மதியம் அவள் தன் கட்டத்தை மாற்ற, ஒருத்தி திருப்பியதை இன்னொருத்தி திருப்பியிருக்கிறாள். உருது செட்டிங் முழுக்க உருது எழுத்தில் இருந்ததால் ஜெயபுஷ்பம் அதைத் திறந்ததே இல்லை. ரஃபத் தமிழ் பேசுவாளே தவிர, அவளுக்குப் படிக்க வராது.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெயபுஷ்பம் தமிழ்ப் பக்கத்தைப் படித்துச் சொல்லித் தன் டிக்கை எடுத்தாள். ரஃபத் உருதுப் பக்கத்தைப் படித்தாள். அதன் அடியில் ‘உருது வரிகளில் மட்டும்’ என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதில் டிக் வைத்ததும், தமிழ் வரியில் கர்சர் தமிழாகப் போனது, உருது வரியில் உருதுவாகப் போனது.

ரஃபத் சிரித்த சத்தத்தில் நயீம் பாய் உள்ளே வந்தார்.

“இன்னா, மெஷின்ல கோளாறா? யாரு சரி பண்ணது?”

நான்தான் என்று சொன்னவளுக்கு வேலை. அது இருவருக்கும் தெரியும். ரஃபத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டு பேரும்தான் பாய்” என்றாள் ஜெயபுஷ்பம். சர்ச்சில் ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், கண் இமைக்காமல் மேலே போனாள். “இதுல பாதி தமிழ், பாதி உருது. ரெண்டு பேரும் தினம் படிச்சுப் பாத்தாதான் ஓடும். ஒரு ஆளு இல்லன்னா மறுபடி பேஜார்தான்.”

நயீம் பாய்க்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்தப் பக்கம் ஒருத்தியைப் பார்த்தார், அந்தப் பக்கம் ஒருத்தியைப் பார்த்தார்.

“தினமுமா?”

“தினமும் பாய்” என்றாள் ரஃபத்.